வரிசையில் உங்கள் இடம்

2016 ஜூன் 20, திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, சங்குமேடு பொது நூலகத்தின் இணையதளத்தைச் சோதித்துப் பார்க்க அழைக்கப்பட்டிருந்த ஐந்து பேரில் நான்காவது ஆளாக, டெல்சியா கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஏலக் கூடத்தில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கிறவள். வியாபாரம் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நூலகத்துக்கு வந்து, எல்லா நாளிதழ்களிலும் கரையொதுங்கியவர்களைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவள். தினமும் வருகிற வாசகர் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது, நூலகர் கனி சார் யோசிக்காமல் அவள் பெயரைக் கொடுத்தார்.

அவளுக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் மங்களேஸ்வரி. மதுரையிலிருந்து வந்திருந்தாள். ஒரு இணையதளத்தில் மனிதர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய வேலை. பதினாறு வருடமாக, வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அதைச் செய்து வந்தாள். வேலை எளியதுதான். ஒரு ஆளை உட்கார வைத்து, இதைத் தேடுங்கள், அதைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லி, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லி, பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கடினம் ஒன்றே ஒன்று: உதவக் கூடாது. வந்தவர் திணறினாலும், வேர்த்தாலும், இதோ இங்கே என்று விரல் நீட்டக் கூடாது. இவள் உதவிவிட்டால் அந்த இடத்தில் இருக்கும் குறை தெரியாமலே போய்விடும், பிறகு தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து தேடப்போகிற ஆயிரம் பேருக்குப் பக்கத்தில் விரல் நீட்ட யாரும் இருக்க மாட்டார்கள். இந்தக் காரணத்தை மங்களேஸ்வரி எல்லோருக்கும் சொல்லுவாள். சோதனை தளத்துக்குத்தான், உங்களுக்கு அல்ல என்பதையும் சொல்லுவாள். அதை யாரும் நம்புவதில்லை.

சங்குமேட்டுத் தளத்தில் குறைகளுக்குப் பஞ்சமில்லை. நூலகத்தை நடத்திய சபையின் செயலாளர் தன் தங்கை மகனை வைத்துச் செய்த தளம் அது. முகப்பில் பாதி இடத்தைச் சபைத் தலைவரின் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நூலகம் திறக்கும் நேரத்தைத் தேடச் சொன்னபோது, முதலில் வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தலைவரின் வாழ்க்கை வரலாற்றை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, நல்ல மனுசன், எத்தனை மணிக்குத் திறப்பாரென்று மட்டும் போடவில்லை என்றார்.

டெல்சியா முதல் இரண்டு வேலைகளையும் முட்டி மோதி முடித்தாள். மூன்றாவதை மங்களேஸ்வரி வாசித்தாள். உங்களுக்கு மிகவும் வேண்டியதாக ஒன்றைத் தேடுங்கள். அது வெளியே போயிருந்தால், திரும்பி வந்ததும் உங்களுக்காக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

டெல்சியா தேடும் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, ராயப்பன் என்று அடித்தாள். அது அவள் கணவனின் பெயர். கல்யாணமாகி இரண்டாவது வருடம், 2009 நவம்பரில், வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனவன். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் வலை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டபடி கரைக்கு வந்து சேர்ந்தது. திரை ஒரு கணம் வெளுத்து, பிறகு காட்டியது.

ராயப்பன், சூ. நிலை: இரவலில் உள்ளது. தன்மை: நன்று, முன்புறம் மேல்பகுதியில் சிறு கீறல். திரும்ப வேண்டிய நாள்: 30-06-2016.

மங்களேஸ்வரி தன் தாளில் நேரத்தைக் குறித்தாள். பின்னால் நின்றிருந்த கனி சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். டெல்சியா திரையைத் தொட்டாள்.

"நெத்தித் தழும்பத்தான் சொல்லுறாக," என்றாள். "கதவு நிலையில இடிச்சுக்கிட்டது."

வேலையின் இரண்டாம் பாதி பாக்கி இருந்தது. அவள் தேடினாள். சொல்லிக் கொடுத்தபடியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு தேடினாள். எனக்காக எடுத்து வையுங்கன்னு எங்க சொல்லணும், இங்கயா, இல்ல, இது தலைவர் படம், இது நன்கொடை, இது ஆண்டு விழா. பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு போல, ‘பிற’ என்று ஒரு சொல் இருந்தது. அதை அழுத்தினால் முன்பதிவு வரும். அம்புக்குறி அதன் மேல் வந்து நின்றது. நீட்ட வந்த விரலை மங்களேஸ்வரி மடக்கிக்கொண்டாள். அம்பு சற்று நடுங்கி, விலகி, மேலே போய்விட்டது.

இல்ல போல மேடம் என்று டெல்சியா எழுந்துகொண்டாள். அவளுக்கு வருத்தமில்லை. தேதி கிடைத்துவிட்டது. மங்களேஸ்வரி தன் தாளில், மூன்றாம் வேலை, தோல்வி என்று எழுதினாள்.

அந்த வாரமே சங்குமேடு அதற்குப் பழகிவிட்டது. தளத்தில் ஆட்களைத் தேடலாம் என்று தெரிந்ததும் பெண்கள் நூலகத்து வாசலில் வரிசை கட்டினார்கள், டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சு கூடுதலாகப் போட்டார், பங்குச் சாமியார் இதனால் ஜெபங்களில் மாற்றம் எதுவும் இல்லை என்று பூசையில் அறிவித்தார், ஜமாத்தில் பெண்கள் உட்கார ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்கும் காணாமல் போன ஆடு மாடுகளுக்கும் பொருத்தமான முடிவுகள் இல்லை என்று வந்தது. அப்படி வந்த வீடுகளில் பல வருடமாகத் தள்ளிப்போட்ட காரியங்களை முடித்தார்கள், அழ வேண்டியதை அழுதார்கள், சமையலை மறுபடி சாதாரணமாகச் செய்யத் தொடங்கினார்கள். ஒருத்தி, எந்நேரமும் சாராயத்தில் கிடந்த தன் புருஷன் பெயரை விளையாட்டாக அடித்துப் பார்க்க, பைண்டிங்குக்குப் போயுள்ளது என்று வந்தது. சரியாத்தான் சொல்லுது, வர நாளாகும் என்றாள். பெயரை அடித்துப் பார்க்கவே மாட்டேன் என்று இருந்தவர்களும் உண்டு. அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி டெல்சியா வியாபாரத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தாள், கதவு நிலையில் இடிக்காமல் இருக்க மேலே துணி சுற்றியிருந்தாள், வஞ்சிரம் குழம்பு வைத்து மூடி வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஊரில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் சாளரம் மாறிச் சாளரம் நகர்ந்தது. மாலையில் விளக்குப் போடும் நேரத்துக்குக் கனி சார் கணினியைப் பார்த்து, மெதுவாக அவளைக் கூப்பிட்டார். புதுப்பிக்கப்பட்டது என்று போட்டிருந்தது. திரும்ப வேண்டிய நாள்: 30-06-2017.

அவர் விளக்கினார். நூலகம் என்று இருந்தால் அப்படித்தான். எடுத்தவர், வேறு யாரும் கேட்டிருக்காவிட்டால், கெடு முடிகிற அன்று மறுபடி ஓராண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். இன்னொருவர் முன்பதிவு செய்திருந்தால்தான் புதுப்பிக்க முடியாது, திருப்பியாக வேண்டும். ராயப்பனை யாரும் கேட்டதாகப் பதிவில்லை.

"நான் கேட்டனே சார்," என்றாள் டெல்சியா. "ஏழு வருசமா நான் வேற என்ன செய்யுறேன்?"

இதைக் கனி சார் தொலைபேசியில் மங்களேஸ்வரிக்குச் சொன்னார், குற்றமாக அல்ல, தகவலாக. மதுரையில், இரண்டாம் மாடியில், தான் தனியாகக் குடியிருந்த வீட்டில், சாப்பிடுகிற தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அவளுக்குத் தேடுவதற்கு ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தவர்கள். காணாமல் போகிற அளவுக்கு வேறு யாரும் அவளிடம் வந்ததில்லை. சங்குமேட்டில் அவளைப் பார்க்கிற பெண்கள் எல்லோரும், நீங்க யாரை அடிச்சுப் பாத்தீங்க மேடம் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்கவும் நிற்பார்கள். அவள் சிரித்து வைப்பாள். அம்பு விலகிப் போன அந்தக் கணம் அவளுக்குப் பல நாள் சாப்பாட்டின்போது வந்தது. உதவக் கூடாது என்ற விதியை அவள் குறை சொல்லவில்லை. ஆனால் ‘பிற’ என்ற சொல்லை அதன் பிறகு எந்தத் தாளில் பார்த்தாலும் கோடு போட்டு அடித்தாள்.

புதிய தளத்தை ஆகஸ்டுக்குள் முடித்தாள். செயலாளரிடம் சண்டை போட்டுத் தலைவரின் படத்தைத் தபால்தலை அளவுக்குக் குறைத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் நேர் கீழே, பச்சை நிறத்தில், விரல் அகலத்துக்கு ஒரு பொத்தான் வைத்தாள். முன்பதிவு என்றால் பேருந்து நினைவுதான் ஜனங்களுக்கு வருகிறது என்று சோதனையில் தெரிந்திருந்ததால், டெல்சியா அன்று வாய்விட்டுச் சொன்ன சொற்களையே அதில் போட்டாள்: எனக்காக எடுத்து வையுங்கள்.

பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பரிசோதனை வாசகர் என்ற பெயரில் தனக்கென்று வைத்திருந்த கணக்கில் நுழைந்தாள். திரையில் ஏற்கனவே திறந்திருந்தது ராயப்பனின் பக்கம். அழுத்தினாள். வரிசையில் உங்கள் இடம்: 1 என்று வந்தது. நல்லது என்று மூடிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான். வெள்ளோட்டம் பார்த்த தடயத்தைத் துடைக்காமல் விடுவது.

இரண்டாம் சோதனைக்கு டெல்சியா வந்தாள். உட்கார்ந்த வேகத்தில் பெயரை அடித்து, பச்சைப் பொத்தானைப் பார்த்து, அழுத்தினாள். வரிசையில் உங்கள் இடம்: 2.

எனக்கு முன்னால யாரு என்று அவள் திரும்பிக் கேட்டாள். சோதனை நடக்கும்போது கேட்கிற கேள்விக்கு மங்களேஸ்வரி ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

"நான்தான்."

"ஒங்களுக்கு எதுக்கு அவுக?"

மங்களேஸ்வரி விளக்கினாள், இரண்டு முறை விளக்கினாள். கனி சாரிடம் ஓடினார்கள். அவர் தளத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரத்து செய்ய வழி வைக்கவில்லையே என்றார். உண்மைதான். சோதனைக்கு வந்த யாரும் கேட்டதை வேண்டாம் என்று சொல்ல வழி தேடவில்லை, அதனால் யாரும் வைக்கவில்லை. இனி வைத்தாலும் பழைய பதிவுகளுக்குச் செல்லாது. முதல் ஆள் எடுத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் இரண்டாம் ஆளுக்கு.

அன்றிலிருந்து ஊரில் மங்களேஸ்வரிக்கு மதுரைச் சக்களத்தி என்று பெயர். அவள் பேருந்தை விட்டு இறங்கும்போதே மீன்காரிகள் டெல்சியாவைக் கூப்பிட்டுச் சொல்லுவார்கள்: வந்துட்டாடி, ஒம் புருசன இவகிட்டதான் கேக்கணும். டெல்சியாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் முழுதும் சிரிப்பு இருந்தது என்று சொல்ல முடியாது.

செப்டம்பரில் முதல் ஆள் திரும்பினான். ஜெனோவாவின் கணவன் கிளேட்டஸ். அடுத்த மாதங்களில் இன்னும் சிலர் வந்தார்கள். காலையில் நூலகம் திறக்கும்போது செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், உப்புப் பூத்த கால்களோடு, நல்ல பசியோடு. கனி சார் சரிபார்த்து, ஓராண்டுக் கெடுவுக்குக் கையெழுத்து வாங்கி, ஆளைக் கொடுத்து அனுப்புவார். வீட்டுக்காரிகள் கூட்டிக்கொண்டு போவார்கள். ஊர் அந்தந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலையும்.

2017 ஜூன் 30 அன்று ராயப்பன் அந்தப் பெஞ்சில் இருந்தான். டெல்சியா கனி சாருக்கு முன்பே வந்து படியில் நின்றவள். கதவைத் திறந்ததும் அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கனி சார் இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். முன்பதிவு வரிசையில் முதல் ஆள் மதுரையில் இருக்கிறார். அவர் வந்து வாங்கித் திருப்பாமல் கொடுக்க முடியாது. தகவல் சொல்லியாகிவிட்டது, பேருந்தில் வருகிறார்.

ஊரே அவரைத் திட்டியது. பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். கனி சார் அசையவில்லை. டெல்சியாவைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"இன்னிக்கு ஒனக்குக் கொடுக்கறதுக்காக நான் விதிய வளைச்சா, நாளைக்கு ஒங்கிட்டருந்து எடுக்கறதுக்கு வேற எவனாவது வளைப்பாம்மா."

அவள் செய்தித்தாள் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவன் அந்தப் பக்கம். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இன்னும் தனக்கு வராத ஒன்றோடு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனும் கொடுக்கப்படாத ஆள் போல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். யாரோ இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்கள், இருவரும் குடித்தார்கள், அவன் டம்ளரை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அவள் தன் டம்ளரைத் தள்ளி வைத்தாள், மேசையின் மேல் அன்றைய நாளிதழ்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன, அவள் முதன்முறையாக அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு வருடத்துக்கு உரிய நரை இருந்தது. தலையை வலது பக்கம் வகிடு எடுத்திருந்தான். அவள் அறிந்தவரை இடது. நீலச் சட்டை போட்டிருந்தான். இடது முழங்கையில் கிழிந்த இடம் தைக்கப்பட்டிருந்தது, வெகு நுணுக்கமாக, அவசரமில்லாத கை தைத்தது.

மூன்று மணிக்கு மங்களேஸ்வரி வந்தாள். கையெழுத்துப் போட்டாள். கனி சார் ராயப்பனைப் பார்த்து, இவர்தான் என்றார். அவன் எழுந்து அவள் பக்கம் வந்தான்.

அந்த நூலகத்தில் எடுக்கும் மேசை வாசல் பக்கமும் திருப்பும் மேசை அறையின் மறுகோடியிலும் இருந்தன. வாசகர்களுக்குத் தொந்தரவு, இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று முதல் அறிக்கையிலேயே மங்களேஸ்வரி எழுதியிருந்தாள், சபை செய்யவில்லை. அலமாரிகளுக்கு நடுவில் இருவரும் நடந்தார்கள். அவன் பாதி வழியில் கேட்டான்:

"நீங்கதான் என்னையக் கேட்டதா?"

"ஆமா."

"பேரு?"

அவள் சொன்னாள். அவன் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். தான் கூப்பிட்டதற்காகக் கடல் தாண்டி ஒருவர் வந்திருப்பது அவளுக்கு அதற்கு முன் நடந்ததில்லை. தவறுதலாகக் கூப்பிட்டது என்பதை அந்த அலமாரிகளுக்கு நடுவில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மெதுவாகத்தான் நடந்தாள். அறை முடிந்துவிட்டது. திருப்பும் மேசையில் கையெழுத்துப் போட்டாள். டெல்சியா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் அவர்களோடு வெளியே போனது. கனி சார் கணினியில் பதிவை முடித்துவிட்டு, உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது மேடம் என்று காட்டினார். பரிசோதனை வாசகர். இதுவரை எடுத்தவை: 1.

எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு ராயப்பன், நல்லாத்தான் வச்சிருந்தாக என்று மட்டும் சொன்னான். பெயர் எதையும் சொல்லவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் அவன் முகம் ஒரு நல்ல வீட்டைப் பற்றிப் பேச வந்து வார்த்தை மறந்தவன் முகமாக இருந்தது. அவன் முன்பு போலவே நிலையில் இடித்துக்கொண்டான், முன்பு போலவே வலையை ஒழுங்காக மடித்தான். ஆனால் குழம்பில் புளி குறைவாக இருந்தால்தான் பிடித்தது; மாலை வேளையில் இந்தக் கரையில் யாருக்கும் தெரியாத ஒரு மெட்டை முனகினான்; தூக்கத்தில் புரண்டால் கட்டிலின் அந்த ஓரத்தில் யாருக்கோ இடம் விட்டான். வெளியே போய் வந்த புத்தகத்தில் யாரோ மடித்த பக்கமும் சிந்திய காப்பியும் இருக்கும், அதற்காகப் புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது என்று கனி சார் சொன்னது டெல்சியாவுக்குப் பிடிக்கவில்லை. நீலச் சட்டையை வெகுநாள் துவைக்காமல் கொடியில் போட்டிருந்தாள். போகும்போதும் வரும்போதும் அந்தத் தையலைப் பார்ப்பாள். தைக்கத் தெரிஞ்சவ என்பாள், திட்டுகிற குரலில்.

செப்டம்பரில் கிளேட்டஸின் கெடு முடிந்தது. ஜெனோவா புதுப்பிக்கப் போனபோது, புதுப்பிக்க இயலாது, வேறொரு வாசகர் முன்பதிவு செய்துள்ளார் என்று வந்தது. யார் அந்த வாசகர் என்பதற்கு நேராக எதுவும் எழுதியிருக்கவில்லை. அவள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தாள். காலையில் பூட்டு அப்படியே இருந்தது, போர்வை மடித்து வைத்திருந்தது, கிளேட்டஸ் இல்லை.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. மங்களேஸ்வரி பெரிதாகப் பச்சையாக வைத்த பொத்தான் இந்தக் கரைக்கு மட்டும் தெரிவதல்ல. கடலின் அந்தப் பக்கத்தில் இவர்களை இரவல் வாங்கியிருந்தவர்களுக்கும் அதே தளம்தான். முன்பு அவர்களும் ‘பிற’ என்பதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறார்கள், இப்போது எளிதாகிவிட்டது.

சபை கூடியது. செயலாளர் சொன்ன வழி எல்லோருக்கும் பிடித்தது: பொத்தானைப் பழையபடி அடியில், சாம்பல் நிறத்தில், ‘பிற’ என்பதற்குள் போட்டுவிடுவது. நமக்கு இடம் தெரியும், நாம் கேட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குத் தெரியாது. மங்களேஸ்வரி டெல்சியாவின் வீட்டுக்குப் போய் அவளைக் கேட்டாள். ராயப்பன் மேல் அதுவரை முன்பதிவு எதுவும் இல்லை. உடனே மறைத்தால் அவன் தங்கலாம், வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். டெல்சியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மறைச்சிருங்க மேடம் என்றாள், உடனே, அடுத்த மீனை எடுத்தபடி.

மங்களேஸ்வரி மறைத்தாள். ஆனால் சோதிக்காமல் எந்த மாற்றத்தையும் அவள் விடுவதில்லை, அதனால் அக்டோபரில் மறுபடி ஐந்து பேரை உட்கார வைத்தாள். நான்காவதாக வந்தவள் வடக்கே எங்கோ ஒரு கரையிலிருந்து தகவல் கேள்விப்பட்டு இரண்டு பேருந்து மாறி வந்த பெண். மகன் பெயரை அடித்தாள். இரவலில் உள்ளது என்று வந்ததும் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, சொன்னபடியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, எனக்கு வேணும்னு எங்க சொல்லணும், எங்க சொல்லணும் என்று தேடினாள். டெல்சியா நாளிதழ் பார்க்கிற பழக்கத்தில் வந்திருந்தவள், வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்புக்குறி பக்கத்தின் அடிக்கு இறங்கியது. ‘பிற’ மேல் நின்றது. மங்களேஸ்வரி தன் தாளைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தாள். அம்பு விலகியது.

"கீழ, தாயி," என்றாள் டெல்சியா. "கீழதான். திரும்ப வா. அந்தப் பொடி எழுத்த அமுக்கு."

சோதனை கெட்டுவிட்டது. அந்தப் பெண் அழுத்தினாள், அழுதாள், தண்ணீர் குடித்தாள், இருட்டும் முன் பேருந்தைப் பிடிக்கப் போனாள். டெல்சியா அந்தக் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெருசாவே வச்சிருங்க மேடம்."

யோசித்துச் சொல்லும்படி மங்களேஸ்வரி கேட்டுக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களும் பார்ப்பார்கள் என்றாள்.

"பாக்கட்டும். அந்தச் சட்டையத் தச்சவ எந்த நாற்காலியில உக்காந்து, இல்ல போலன்னு எந்திரிச்சுப் போறாளோ." சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு அவ மேல ஒண்ணும் பிரியமில்ல. அது வேற."

மங்களேஸ்வரி அறிக்கை எழுதினாள். மறைத்து வைத்த பொத்தானை யாரும் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை, ஆகவே அது பொத்தானே அல்ல என்று எழுதினாள். செயலாளர் கத்தினார். ஜெனோவா மட்டும் எழுந்து, பெருசா இருந்தாத்தான் எங்கண்ணுக்கும் தெரியும், எனக்கும் திரும்பக் கேக்கணும்ல என்றாள். பொத்தான் பழைய இடத்துக்கு, பச்சையாக வந்தது.

2018 பிப்ரவரியில் ராயப்பன் பெயருக்குக் கீழே அந்த வரி வந்தது. புதுப்பிக்க இயலாது. கனி சார் அதைச் சொல்ல வீட்டுக்கே வந்தார், உட்காரவில்லை. டெல்சியா சரி சார் என்றாள். அவனிடம் என்ன சொன்னாள் என்று ஊருக்குத் தெரியாது. அந்த நான்கு மாதமும் அவள் மதியத்தோடு வியாபாரத்தை நிறுத்திக்கொண்டாள். மாலையில் இருவரும் ஈர மணலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம், அவன் அந்த மெட்டை முனகுவான், கடைசி நாட்களில் அவளும் கூடவே முனகினாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். குழம்பில் புளியைக் குறைத்துவிட்டாள்.

ஜூன் இறுதியில் நீலச் சட்டையைத் துவைத்துக் காய வைத்தாள். வலது முழங்கையில் கிழிசல் எதுவும் இருக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்த இடத்தைச் சின்னதாகக் கிழித்தாள். பிறகு வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், அந்த இன்னொரு தையலைப் பார்த்துப் பார்த்து, அதைவிடப் பொடியாகத் தைத்தாள். எந்த நூலில் என்று மங்களேஸ்வரி தொலைபேசியில் கேட்டாள். சிவப்புல, என்றாள் டெல்சியா, அவளுக்குத் தெரியணும்ல.

ஜூன் 30 சனிக்கிழமை விடியுமுன் ராயப்பன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனான். டெல்சியா காலை வியாபாரத்துக்குப் போய்விட்டு, பத்து மணிக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நூலகத்துக்கு வந்து, பெயரை அடித்து, பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வரிசையில் அவள் இடம் ஒன்று.

2019 ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. காலை ஆறு மணிக்குக் கனி சார் வந்து கதவைத் திறந்தார்.